கப்பலில் எல்லோருக்கும் அண்ணா

"புள்ளைங்ககிட்ட மொதல்ல பேர கேக்காத" என்பார் அண்ணா. "பேர கேட்டா பேர சொல்லிட்டு வாய மூடிக்கும். இந்தக் கப்பல்ல உனுக்கு இன்னா புடிக்கலன்னு கேளு. அப்பால பாரு."

நான் பார்த்திருக்கிறேன். மேல்தளத்துக் கூடத்தில் ஒரு பெண் தூணோடு தூணாக ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா அவளை உள்ளே தள்ளிவிட்டு நீச்சல் குளத்துப் பக்கம் போய்விட்டிருந்தாள். இவர் அவள் பக்கத்தில் போய் நின்று, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "இங்க உனுக்கு இன்னா புடிக்கல?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாம்பார் இனிக்குது" என்றாள். உடனே கூடம் அதிரக் கத்தினார்: "ஏ கண்ணுங்களா! இங்க ஒருத்திக்கு சாம்பார் இனிக்குதாம்! வேற யாருக்கெல்லாம் இனிக்குது?" அங்கங்கே கைகள் எழுந்தன. சற்று நேரத்தில் அந்தக் கைக்காரர்கள் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கப்பல் சமையலைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் நடுவில் இருந்தாள். இவர் அதற்குள் வேறொரு மூலைக்குப் போய்விட்டிருந்தார்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, இலங்கைக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் அது. பெரியவர்களுக்கு ஆட்டம், பாட்டம், சாப்பாடு எல்லாம் இருந்தன. சின்னக் குழந்தைகளுக்குப் பொம்மைகள் நிறைந்த அறை இருந்தது. இரண்டிலும் ஒட்டாத வயதுப் பிள்ளைகள்தான் அப்பா அம்மாவின் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பார்கள். அவர்களை ஒருவரோடு ஒருவர் பழகவைத்து, சிரிக்கவைத்து, இறங்குகிற அன்று பிரிய மனமில்லாமல் அழவைத்து அனுப்புவது அவருடைய வேலை. நான் மேடையின் ஒலியையும் விளக்கையும் கவனிப்பவன். நான் அம்பத்தூர், அவர் ஆவடியைத் தாண்டி வெள்ளானூர். ஒரே பக்கத்து ஆட்கள் என்று அறை ஒதுக்குகிறவர் எங்களை ஒரே அறையில் போட்டுவிட்டார்.

நாற்பதைத் தாண்டியவர். தொப்பை விழுந்திருந்தது. கழுத்தில் ஒரு விசில் எப்போதும் தொங்கும். பிள்ளைகள் யாராவது அங்கிள் என்று கூப்பிட்டால் விசிலை ஊதிவிட்டு, "அங்கிள்னா கடல்ல தூக்கிப் போட்ருவேன். அண்ணான்னு கூப்பிடு" என்பார். அதனால் கப்பலில் எல்லோருக்கும் அண்ணாதான். அவரைவிட வயதில் மூத்த சமையல்காரர்கூட அண்ணா என்றே கூப்பிடுவார்.

அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. "ரெண்டு பேரு சேந்து ஒருத்தன பாத்து சிரிச்சாங்கன்னு வை, அப்பவே அந்த ரெண்டு பேரும் ஃப்ரெண்டு நைனா. அந்த ஒருத்தன் நானாவே இருந்துட்டா வேற யாருக்கும் வலிக்காதுல்ல?"

அதனால் நாள் முழுவதும் கீழே விழுவார். பந்தை எறிந்தால் தன் காலிலேயே விழவைப்பார். பாட்டு பாடி சுதியைக் கொல்வார். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் கேட்காதவன்போல மூலையில் சுருண்டிருந்தான். இவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஹெட்போனைத் தேடி எடுத்துத் தானும் மாட்டிக்கொண்டார். அதன் ஒயர் எதிலும் சொருகாமல் வால்போலத் தரையில் இழுபட்டது. அதோடு கூடம் முழுக்க ஆடிக்கொண்டே போய், அந்த ஒயரைத் தானே மிதித்து, குப்புற விழுந்தார். மொத்தக் கூடமும் சிரித்தது. அந்தப் பையன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம், "வேணும்னே வுழறார்டா" என்றான். அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பிறகு அந்தப் பயணம் முழுக்க அவன் வாய் ஓயவில்லை.

இவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். அவர் விழுவது பாவனை, முழங்கால் வீக்கம் பாவனை இல்லை.

மேலே இப்படி இருந்தவர் கீழே அறைக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். முதல் சில வாரங்கள் என்மேல் ஏதோ வருத்தம் என்றே நினைத்தேன். அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்து மேல்தட்டின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் தட்டோடு ஓரமாக உட்காருவார். பெரியவர்களோடு பேச அவருக்கு எதுவும் இருக்கவில்லை. யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் சிரிப்பார், சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

கரை நெருங்கி போனில் சிக்னல் வந்ததும் வீட்டுக்குப் பேசுவார். அவருக்கு ஒரே மகள். ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. எங்கள் அறைக்கு வெளியே நடைபாதையின் முனையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவார். வீட்டில் இருக்கும்போதும் போனில் அப்படித்தான் பேசுவாராம். தினமும் ஒரே பேச்சுதான். சாப்பாடு, படிப்பு, அம்மா இருக்கிறாளா, அவ்வளவுதான்.

"அலோ… துன்னியா? … படிச்சியா? … அம்மா கீதா? … சரி, வெச்சிடவா?"

வெச்சிடவா என்று கேட்பாரே தவிர வைக்க மாட்டார். அந்தப் பக்கம் வைக்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருப்பார். சில நாள் அது நெடுநேரம் ஆகும். ஒரு பேச்சும் இருக்காது. பிறகு போனைக் கீழே இறக்கி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் அவருடைய மனைவி சொன்னதை என்னிடம் சொன்னார். அறையில் அவராக என்னிடம் வாய் திறந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எம்பொண்ணு க்ளாஸ்ல ஒருத்திகூட பேசறதில்லியாம் நைனா. டிபன் பாக்ஸ எடுத்துகினு போயி மாடிப்படி கீய ஒக்காந்து துன்றாளாம். மிஸ்ஸு கூப்ட்டு சொல்லிகீறாங்க. நா இங்க ஊரான் ஊட்டுப் புள்ளங்களுக்கெல்லாம் சேக்காளி புட்ச்சித் தந்துகினு கீறேன்."

"ஒரு ட்ரிப் கூட்டிட்டு வாங்கண்ணே," என்றேன். ஊழியர்களின் குடும்பத்துக்கு இடம் காலியாக இருக்கும்போது சலுகையில் தருவார்கள்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்பே அதை நினைத்து, கேட்கப் பயந்துகொண்டிருந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

மகள் உடனே சம்மதிக்கவில்லை. பல நாள் கழித்து ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அதை அவர் என்னிடம் சொன்ன விதம் நினைவிருக்கிறது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, ஏதோ சின்ன விஷயம்போல, "அங்க நா உம்பொண்ணுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுகீறா. தெரிஞ்சா எறங்கற வரைக்கும் ரூம வுட்டு வர மாட்டாளாம்" என்றார்.

"ஏண்ணே?"

"ஸ்கூலுக்கு ஒருவாட்டி போயிருந்தேன். அங்க எல்லாம் வேற மாறி பேசுவாங்க. நா பேசனத வெச்சி பசங்க ரொம்ப நாளு ஓட்டிகினே இருந்துகீறாங்க போல." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இன்னா கெட்டுப் போச்சு? எல்லாரு மாறியும் அவளும் அண்ணான்னு கூப்பிட்டுட்டுப் போறா."

கோடை விடுமுறையில் அம்மாவும் மகளுமாக ஏறினார்கள். அம்மாவுக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் அறையிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துவிட்டார். மகள் மேல்தளத்துக் கூடத்துக்கு வந்தாள். ஒல்லியான பெண். அப்பாவின் அகன்ற நெற்றி அப்படியே இருந்தது. முடியை முன்னால் இழுத்துவிட்டு அதை மறைத்திருந்தாள்.

அவர் அன்று எல்லாவற்றையும் செய்தார். விழுந்தார், பாடினார், சாம்பாரைப் பற்றிக் கேட்டார். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் இருக்கும் திசைக்கே போகவில்லை. போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தார். இரண்டாம் நாளும் அவள் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வந்தவர் விசிலைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எந்தப் பையன் பொண்ணுன்னாலும் எனக்குத் தெரியுது நைனா, இன்னா பண்ணா சிரிப்பான்னு. இவளுக்குத் தெரில."

அந்தப் பூந்தமல்லிப் பையன் இரண்டாம் முறையாக அப்போது பயணம் வந்திருந்தான். அவனுடைய அப்பாவின் கம்பெனி மறுபடியும் குடும்பங்களை அனுப்பியிருந்தது. அவன்தான் வழி திறந்தான். மறுநாள் காலை இவர் வழக்கம்போலக் கத்திவிட்டுப் போனதும், அவன் இவரைப் போலவே பேசிக்காட்டினான். சரியாக வரவில்லை. ஜன்னலோரத்திலிருந்து அவள், "அப்படி இல்ல. அவரு 'கீது'ன்னு சொல்றப்ப தலைய இப்படிச் சாய்ப்பாரு" என்று தலையைச் சாய்த்துக் காட்டினாள். அவ்வளவுதான். அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நடந்து காட்டு என்றார்கள், நடந்தாள். விழுந்து காட்டு என்றார்கள், விழுந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் நான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அண்ணா நகரில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, அம்பத்தூரிலேயே அடுத்தடுத்த அடுக்குமாடிகளில் இருக்கும் இரண்டு பெண்கள், பூந்தமல்லிப் பையன்.

எதைச் செய்து அவள் சேர்ந்தாள் என்று அவருக்கு அப்போது தெரியாது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். அதுவரை ஒலிக்கருவி அறைக்குள் அவர் வந்ததே இல்லை. "சிரிக்கிறா நைனா. போய்ப் பாரேன், வாயத் தொறந்து சிரிக்கிறா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பயணத்தின் கடைசி மாலையில் பிள்ளைகளே மேடையேறி நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். பெற்றோரும் வந்து உட்காருவார்கள். அவளுடைய அம்மாவும் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அந்த நால்வரும் அவளை மேடைக்குத் தள்ளினார்கள். அவள் சட்டையை உள்ளே சொருகி, வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டியிருந்தாள். கழுத்தில் விசில். நான் விளக்கை அவள்மேல் விட்டேன். மேடையோரத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இவர் நின்றிருந்தார்.

"ஏ கண்ணுங்களா! எயுந்துகினீங்களா? கடலு உங்களுக்காவ காத்துகினு கீது!"

அரங்கம் வெடித்தது. குரல், நடை, தலைச்சாய்ப்பு எல்லாம் அவரேதான். விழுந்தாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். இவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கூட்டம் இன்னும், இன்னும் என்று கத்தியது. அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லைபோல ஒரு கணம் நின்றாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அலோ… துன்னியா? … படிச்சியா? … அம்மா கீதா? … சரி, வெச்சிடவா?"

நாளெல்லாம் கத்துகிற ஆளுக்குப் போனில் பேச்சே வராது என்பதுதான் வேடிக்கை என்று கூட்டம் நினைத்தது. விழுந்து விழுந்து சிரித்தது. பூந்தமல்லிப் பையன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றாள். சிரிப்பு அடங்கி மறுபடி ஒருமுறை எழுந்து அடங்கிற்று. அப்போதும் நின்றாள். பிறகுதான் கையை இறக்கினாள்.

பின்வரிசையில் அவள் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் விளக்கை அணைத்திருக்க வேண்டும், கை போகவில்லை. இவர் கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். விசிலை ஊதிக்கொண்டு மேடைக்கு ஓடி, "இந்த வருசம் கப்பல்ல என்னிய வுட நல்லா நா யாருன்னு தெரிஞ்ச ஆளு இவதான்! பெரிசா தட்டுங்க!" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். அவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி, "தேங்க்ஸ்ணா" என்றாள்.

அறையில் அவர் விசிலைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். பிறகு, "போன்ல நா அப்டியா பேசறேன்?" என்று கேட்டார்.

"அண்ணே, நீங்க வைக்காம நிக்கறதுவரைக்கும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பக்கம் அவளும் கேட்டுட்டே இருந்திருக்கா."

"ஆமால்ல," என்றார். அந்தச் சொல்லில் ஒரு கணம் ஏதோ சந்தோஷம்போல இருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் துறைமுகத்தில் பிள்ளைகள் இறங்கினார்கள். எண்களை வாங்கிக்கொண்டார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள். இறங்கும் படியருகில் இவர் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். அவளும் நண்பர்களோடு அந்த வரிசையில் வந்தாள்.

"பைணா."

"பைமா. பத்ரமா போ."

சற்றுத் தள்ளி அவர் மனைவி பெட்டியை இழுத்துக்கொண்டு, யாரோ ஒரு பயணியைப்போலத் தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டிப் போனார்.

அதன் பிறகு கரை வரும்போதெல்லாம் அவர் நடைபாதை முனைக்குப் போவார். போனை எடுப்பார். எண்ணைப் போடாமல் திரும்பி வந்துவிடுவார். நான் ஒருமுறை கேட்டேன்.

"இன்னா கேக்கறது நைனா? துன்னியான்னு கேட்டா அவளுக்கு சிரிப்பு வரும். வேற இன்னா கேக்கணும்னு எனக்குத் தெரில."

"எதையாவது கேளுங்கண்ணே. ஃப்ரெண்ட்ஸ் எப்படி இருக்காங்கன்னு கேளுங்க."

"அத்த கேக்க நா யாரு? நா கப்பல்ல அண்ணன்தான, அவங்களுக்கு?"

மனைவியிடம் மட்டும் பேசினார். அந்த ஐந்து பேரும் வாராவாரம் அம்பத்தூரில் கூடுகிறார்கள், இவள் இப்போது சத்தமாகப் பேசுகிறாள், தன் முடியைப் பின்னால் இழுத்துக் கட்டுகிறாள் என்று மனைவி சொன்னதை எல்லாம் என்னிடம் ஒப்பிப்பார். வீட்டுக்கு மட்டும் அவள் அவர்களைக் கூட்டி வந்ததில்லை. அப்பா துபாயில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "துபாய்ல இன்னா வேலன்னு சொல்லிகீறாளோ தெரில. நல்ல வேலையாத்தான் சொல்லிருப்பா."

மேலே அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாராவது ஒரு பிள்ளை அவரைப்போலப் பேசிக்காட்டத் தொடங்கினால் விசிலை ஊதி வேறு விளையாட்டுக்கு மாற்றிவிடுவார். விழுவதையும் மெல்லக் குறைத்துக்கொண்டார். முழங்கால் என்று சொன்னார்.

அடுத்த ஆண்டு எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினோம். அவர் மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஊருக்கு வந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. ஆவடி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர் மார் அடைக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி போனில் சொன்னபோது நான் அம்பத்தூரில் டீக்கடையில் நின்றிருந்தேன். டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளானூர் போனேன்.

புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்குப் பின்னால் அவர்களுடைய பழைய ஓட்டு வீடு. வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உறவுக்காரப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மகள் தலைமாட்டில் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பெட்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

அவர் மனைவி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ட்ரிப்புக்கு அப்பறம் ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்தே பேசிக்கலபா. ஊட்ல இருக்கறப்பவும் ஆளுக்கொரு மூலை. நேத்து காத்தால வெளிய போறப்ப அவ ரூம் வாசல்ல ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாரு. ஏதோ கேக்க வந்த மாறி. அப்பறம் கேக்காம போய்ட்டாரு."

பதினொரு மணி வெயிலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. நான்கு பேர் இறங்கினார்கள். பூந்தமல்லிப் பையன் கையில் ஒரு மாலை. தோழியின் அப்பா துபாயிலிருந்து வந்த இடத்தில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார்கள். அவளைக் கண்டதும் பெண்கள் மூவரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அவன் மாலையோடு பெட்டியருகே போனான். குனிந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"ஏய்…" என்றான். "இது நம்ம அண்ணாடி. கப்பல்ல…"

மற்ற மூவரும் வந்து பார்த்தார்கள். அண்ணா நகர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்களுக்கு ஒவ்வொன்றாக விளங்குவதை நான் நின்று பார்த்தேன். "அப்ப அன்னிக்கு ஸ்டேஜ்ல நீ போன்ல…" என்று ஆரம்பித்த அவன் முடிக்கவில்லை. மாலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் எழுந்து வந்தாள். நால்வரையும் பெட்டியின் ஒரு பக்கமாக, அவர் முகம் தெரியும்படி, தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினாள். பிறகு கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"அப்பா," என்றாள். "இவங்கதாம்பா என் ஃப்ரெண்ட்ஸ்."